அத்தானின் எக்செலும் அனுஷாவின் பந்தும்

அக்கா இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பார் என்பதால், அத்தானைப் பற்றி எழுதுவதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அது முறிந்தது. அக்கா மன்னிக்கட்டும்.

ஹவுகெட்டோ என்கிற புறநகரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு என்னையும் என் கணவரையும் அவசரமாக வரச் சொன்னார் அத்தான். யாருக்காவது சுகமில்லையோ என்று பதறிக்கொண்டு போனோம். போனால்... சாப்பாட்டு மேசையில் லேப்டாப். அதில் எக்செல். எக்செல் முழுக்கச் சிவப்பு.

விஷயம் இதுதான். அவர்கள் மகள் அனுஷாவுக்குப் பதினேழு வயது. நாலு சீசனாக இங்கே ஒரு கிளப்பில் பேஸ்பால் விளையாடுகிறாள். பிட்சர் – அதாவது, பந்தை எறிகிறவள். லீக்கின் இணையப் பக்கத்திலிருந்து அவளுடைய புள்ளிவிவரத்தை எல்லாம் அத்தான் இறக்கியிருந்தார். பக்கத்திலேயே லீக்கின் சராசரி.

"நாலு வருசமும் லீக் சராசரிக்குக் கீழை. சராசரியையே எட்ட ஏலாதவளுக்கு என்னத்துக்கு விளையாட்டு? நிப்பாட்டிப்போட்டு மற்ஸைப் படிக்கட்டும்."

குரலில் என்ன துக்கம்! பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்ட மாதிரி. அக்கா பெருமூச்சு விட்டார். என் கணவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓம், குறைவுதான் என்று தீர்ப்புச் சொன்னார். நான் மட்டும் என்ன திறமா? நானும் தலையாட்டினேன். நம் ஆட்களிடம் ஒரு நம்பரையும் ஒரு சராசரியையும் கொடுத்துப் பாருங்கள் – அது எதன் நம்பர் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கூடவா, குறைவா? அவ்வளவுதான் நமக்கு வேண்டும்.

அனுஷா கதிரையில் இருந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா பேச்சுக்குத்தான் அவளைக் கேட்டேன், அந்த நம்பர் என்னவென்று.

"நான் பந்து எறியேக்கை மற்ற டீம் ஒரு மேட்ச்சுக்கு எத்தினை ரன் எடுக்குது எண்டது, சித்தி. குறைஞ்சால்தான் நல்லம்."

நாலு வருஷமும் இந்தப் பிள்ளை லீக்கையே முந்திக்கொண்டு வந்திருக்கிறாள். அதைத்தான் தகப்பன் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகச் சிவப்படித்திருக்கிறார். கிரிக்கெட்டில் பவுலர் ரன் கொடுக்காவிட்டால் சோபாவிலிருந்து எழும்பிக் கைதட்டுகிற மனிதர் இவர். சொந்தப் பிள்ளை எறிந்தால் மட்டும் அந்த அறிவு எங்கே போனது? நாலு வருஷத்தில் ஒரு மேட்ச்... ஒரே ஒரு மேட்ச் போய்ப் பார்த்திருந்தால் எக்செலே தேவைப்பட்டிருக்காது.

ஏன் இதை முதலே சொல்லவில்லை என்று அக்கா மகளைக் கேட்டார். அப்பா கேட்கவில்லை என்றாள்.

அத்தான் அசரவில்லை. ஒரு மன்னிப்பு? ஒரு வெட்கச் சிரிப்பு? ம்ஹூம். சிவப்பெல்லாம் பச்சையானது. அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் கிடைக்குமாம். கனடா அண்ணன்மார் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஸ்க்ரீன்ஷாட் பறந்தது. கணக்குப் பாடத்தைப் பற்றிப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. அடுத்த சீசனும் நீதான் பிட்சர் என்றார் மகளிடம், டீமை இவர்தான் தெரிவு செய்கிற மாதிரி.

"இல்லையப்பா. நான் விடுறன் எண்டு நீங்கள் வெள்ளிக்கிழமை ட்ரேனருக்கு மெயில் போட்டனீங்களெல்லோ. என்ரை இடத்தை வேறை ஒரு பிள்ளைக்குக் குடுத்திட்டாராம். நேற்றுத்தான் சொன்னவர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களைக் கூப்பிட்டது முடிவெடுக்க அல்ல. எடுத்து முடித்ததற்குத் தலையாட்ட. இந்த நாட்டில் தகப்பன் எழுதினால் மதிப்பார்கள். நன்றி என்று அன்றைக்கே பதிலும் வந்ததாம். அனுஷா திரும்பவும் நகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தான் மகளைப் பார்த்தார். சரி, இப்போதாவது மனிதருக்கு உறைத்துவிட்டது, மகளிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"அந்தப் பிள்ளையின்ரை சராசரி எவ்வளவு?"