போஞ்சிச் சட்டையின் நடுக்கோடு

ஒருவர் போட்ட தையலை அவருக்குத் தெரியாமல் பிரித்து, நேராகப் போட்டு வைப்பது உதவியா, திருட்டா? இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காலையில் எழும்பும்போது உதவி என்று படுகிறது. மகளை மொண்டிசோரியில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது திருட்டு என்று படுகிறது.

நாங்கள் ஏழு பெண்கள். கண்டி நகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் சனிக்கிழமைகளில் கூடித் தைக்கிறோம். திரைச்சீலைக் கடைகளில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கட்டில் விரிப்புகள் செய்கிறோம். ஆளுக்கொரு சதுரம். அதன் மேல் கையால் வரிவரியாக ஓடும் தையல் போட வேண்டும். எல்லாச் சதுரங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மெஷினில் இணைப்பது என் வேலை. என் திறமையைப் பார்த்து அந்த வேலையைத் தரவில்லை. நான் எதையும் மூன்று முறை அளப்பேன் என்பதால் தந்தார்கள். நான்காவது முறையும் அளப்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரேயொரு சட்டம் உண்டு. கோணலாகத் தைத்தவர் தன் தையலைத் தானே பிரிக்க வேண்டும். மற்றவர் கைவைக்கக் கூடாது. பிரிப்பவர்தான் அன்றைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி போட வேண்டும். அதனால் அறைக்குள் நுழைந்ததும் கேத்தல் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே யாருடைய துணி கோணியது என்று தெரிந்துவிடும்.

அந்தக் கேத்தல் பல வாரங்களாக அன்ரியின் கையிலேயே இருந்தது. எங்களில் மூத்தவரை எல்லோரும் அன்ரி என்றே அழைக்கிறோம். யாழ்ப்பாணத்துக்காரர். காணிப் படங்கள் வரையும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப் பக்கத்தில் பாதி வேலிச் சண்டைகள் தான் போட்ட கோட்டால்தான் தீர்ந்தன என்பார். அவருடைய கண்ணில்தான் வெள்ளை படர்ந்தது.

"தேத்தண்ணியில எனக்கு நல்ல கைப்பழக்கம் வந்திட்டுது. இனி ஒரு கடை போடலாம்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் சிரித்திருக்கக் கூடாதோ என்று பஸ்ஸில் யோசித்தேன்.

பிறகு ஒப்பரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த அன்ரி, ஜன்னலால் எட்டிப் பார்த்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போன பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசித்துக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம்.

"தூரம் எல்லாம் பளிச்செண்டு தெரியுது. கிட்டப் பாக்கிறதுக்குத்தான் கண்ணாடி எடுக்க வேணுமாம். அஞ்சாறு கிழமை கழிச்சு கிளினிக்குக்கு வரச் சொன்னவை" என்றவர், ஒரு நீலச் சதுரத்தைக் கையில் எடுத்தார். "இதுதான் எனக்குச் சோதனை. இதுவும் கோணினால், என்ர மெஷினைத் தெல்தெனியாவில இருக்கிற மச்சாளுக்குக் குடுத்துப்போட்டு, இஞ்ச தேத்தண்ணி ஊத்த மட்டும் வாறன்."

"அப்ப எங்களுக்கு லாபம்தானே அன்ரி" என்றார் ராத்தா. ராத்தா அலவத்துகொடையிலிருந்து வருபவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கும் அந்தப் பெயரால்தான் நாங்கள் ஆறு பேரும் அவரை அழைக்கிறோம். சிரிப்பு அடங்கிய பிறகும் அன்ரி அந்த நீலத் துணியை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

ஐந்து வாரம் கழித்துச் சதுரத்தை நாலாக மடித்து என் பையில் வைத்தார். "நான் திருப்பிப் பாக்கேல்லை. சோதனைத் தாளைக் குடுத்த பிறகு பாக்கக் கூடாது. நீர் இணைச்சுக் கொண்டு வாரும்."

வீட்டில் விரித்தேன். தெல்தெனியாவைத் தாண்டி மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதை அந்தச் சதுரத்தில் அப்படியே இருந்தது. ஒரு வரி பக்கத்து வரியை முட்டி, மன்னிப்புக் கேட்பது போல் விலகிப் போனது. யாரும் இல்லாத வீட்டுக்குள் இருந்துகொண்டே நான் கதவை ஒருமுறை பார்த்தேன். பிறகு சின்னக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

மகள் மொண்டிசோரியில் இருந்த மூன்று காலைகளில் அந்த வேலை முடிந்தது. எல்லா வரியும் நேராக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு வரியை வேண்டுமென்றே சற்றுக் கோணலாக விட்டேன். அதை நான்கு முறை அளந்தேன். பிரித்து அதையும் நேராக்கினேன்.

கணவரிடம் சொன்னேன். "நல்லதுதானே செஞ்ச" என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். "சட்டத்த மீறிட்டேனே" என்றேன். "உங்க சட்டத்துக்கு பொலிஸ் யாரு?" என்றார். அவரிடம் எதைச் சொன்னாலும் இப்படித்தான் சின்னதாகிவிடுகிறது.

அடுத்த சனிக்கிழமை இணைத்த விரிப்பை மேசையில் போட்டோம். அன்ரி மேசையிலிருந்து இரண்டடி பின்னால் நின்று தன் நீலச் சதுரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இஞ்ச பாருங்கோ பிள்ளையள்! அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரிக் கிடக்கு!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். யாரோ "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அது ராத்தாவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவருடைய கண் துணியில் இல்லை. அன்ரி அங்கேயே போனை எடுத்து தெல்தெனியா மச்சாளை அழைத்தார். "மெஷின் தர ஏலாது. ஓம், ஏலாது. என்ர கை திரும்பி வந்திட்டுது" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். போனை வைத்ததும் என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று எழுந்துபோய் கேத்தலில் தண்ணீர் பிடித்தேன்.

"தங்கச்சி" என்றார் ராத்தா. "இண்டைக்கு ஒருத்தரும் பிரிக்க இல்லையே. நீங்க ஏன் கேத்தலத் தூக்குறீங்க? நீங்க என்னத்தப் பிரிச்சீங்க?"

குழாயை மூட மறந்து நின்றேன். தண்ணீர் கேத்தலின் வாயால் வழிந்து என் செருப்பில் விழுந்தது. "சும்மா ராத்தா, எனக்குத்தான் தலையிடி" என்றேன். தலையிடிக்காரி ஏன் ஏழு பேருக்குத் தேத்தண்ணி போட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சீனி போத்தலை எடுத்துத் தந்துவிட்டு அன்ரியின் பக்கம் திரும்பி, "கண்ணாடி எடுக்கப் போனீங்களா அன்ரி?" என்று மட்டும் கேட்டார்.

"கண்ணாடியோ? ஏன்? கண்ணாடி இல்லாமத்தானே இதைத் தைச்சனான். கிளினிக்குக்கும் போகேல்லை. அங்க காலமை தொடக்கம் ஆர் காய்ஞ்சுகொண்டு இருக்கிறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்ரிக்குத் தேவையாக இருந்தது ஒரு கண்ணாடி மட்டும். கண்ணாடி போட்டிருந்தால் அந்தக் கோடுகள் தாமாகவே நேராகியிருக்கும். அது வேண்டாம் என்று சொல்வதற்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவள் நான்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மகளின் மொண்டிசோரியில் கலைவிழா. மரக்கறிகள் நடனத்தில் மகளுக்குப் போஞ்சி, அதாவது பீன்ஸ் வேடம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை பச்சைச் சட்டை, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு மஞ்சள் கோடு. ஒரு சனிக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது வாய்தவறி இதைச் சொல்லிவிட்டேன். "பிள்ளையின்ர சட்டையை நான் தைப்பன்" என்றார் அன்ரி. வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று நான் சொன்னதை எல்லோரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

சட்டை நேற்று வந்தது. "போட்டுக் காட்ட வேண்டாம். மேடையில பாக்கத்தான் எனக்கு ஆசை. முன்வரிசையில இருப்பன்" என்று சொல்லிப் பையைத் தந்தார் அன்ரி. மஞ்சள் கோடு கழுத்தில் நடுவில் தொடங்குகிறது. இடுப்புக்கு வரும்போது இடது பக்கம் போய்விடுகிறது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் போகப் பார்க்கிறது. மகள் அதை உடனே போட்டுக்கொண்டு கதிரை மேல் ஏறி ஆடினாள். "அம்மா, போஞ்சி ஓடுது" என்று கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே சுற்றினாள். கழற்ற விடவில்லை. சட்டையோடுதான் சாப்பிட்டாள், பருப்பும் கொஞ்சம் பட்டுவிட்டது.

கணவர் பார்த்துவிட்டு, "போஞ்சி நேராவா காய்க்குது? விடு" என்றார். ஆனால் அன்ரிக்குத் தூரப் பார்வை பளிச்சென்று தெரியும். பஸ் பலகையை வாசித்த கண் அது. முன்வரிசையிலிருந்து அந்தக் கோட்டை அவர் பார்ப்பார், ஊராரோடு சேர்ந்து. மறுநாளே மெஷின் தெல்தெனியாவுக்குப் போய்விடும்.

பிரித்து நேராக்கித் தைக்க எனக்கு ஒரு காலை போதும். ஆனால் அப்படிச் செய்தால் அவர் இனியும் கிளினிக்குக்குப் போக மாட்டார். ராத்தாவின் மகளுடைய கல்யாணத்துக்கு மேசை விரிப்பு தைப்பதாக வேறு சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து பிரித்துத் தைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம் வாழ்வது? உண்மையைச் சொல்லலாம் என்று இன்று காலை அன்ரிக்குப் போன் எடுத்தேன். "சொல்லும் பிள்ளை" என்றார் சந்தோஷமான குரலில். சட்டை நல்ல அளவு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது பொய்யில்லை. அளவு உண்மையிலேயே சரி.

கலைவிழாவுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. சட்டை என் மடியில் கிடக்கிறது, கத்தரிக்கோல் மேசையில். இதை வாசிக்கும் உங்களில் தைப்பவர்கள் இருப்பீர்கள், கண்ணாடி போட மறுக்கும் ஒருவரோடு வாழ்பவர்களும் இருப்பீர்கள். கோட்டை நேராக்கட்டுமா, அப்படியே விடட்டுமா, அன்ரியின் வீட்டுக்குப் போய் அந்த நீலச் சதுரத்தைப் பற்றிச் சொல்லட்டுமா? சொல்லத்தான் வேண்டும் என்றால், போய் உட்கார்ந்ததும் எடுத்த எடுப்பில் என்ன சொல்வது? அந்த முதல் வாக்கியத்தை மட்டுமாவது தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். மிச்சத்தை நான் எப்படியாவது சொல்லிவிடுவேன்.