செத்த மாட்டின் தொண்டையில் நகர்ந்த மணி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

திருநெல்வேலியில் மாட்டு நோய்களை ஆராயும் லேப் ஒன்றில் நான் அட்டெண்டர். காலையில் மேலப்பாளையம் கறிக்கடைக்குப் போய், அப்போது அறுத்த மாட்டின் மூச்சுக்குழாயை ஐஸ் பெட்டியில் வாங்கி வருவேன்.

"என்ன வே, கறிய விட்டுட்டுத் தொண்டையத் தூக்கிட்டுப் போறீரு? மாட்டுக்குப் பாட்டு சொல்லிக்குடுக்கவா?" என்பார் கடைக்கார பாய். எனக்குக் கூச்சம். சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

லேப்பில் இருக்கும் கால்நடை டாக்டரம்மா குழாயின் உள்தோலைத் துண்டு துண்டாக வெட்டி, சத்துநீரில் போட்டு இன்குபேட்டரில் வைப்பார். இரண்டு நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு துண்டின் ஓரத்தில் கடுகைவிடப் பொடியான மணி ஒன்றை வைத்தார். அது தானாக நகர்ந்து மறு ஓரத்துக்குப் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மாட்டின் கறி முந்தாநாளே குழம்பாகியிருக்கும்.

"உள்ள பொடி முடி இருக்கு அண்ணாச்சி. தூசி, சளி எல்லாத்தையும் அதுதான் இப்படி வெளிய தள்ளுது."

வேறு சில துண்டுகளில் மாட்டுக்கு இருமல் தரும் வைரஸை விட்டிருந்தார். சில நாளில் அதையும் காட்டினார். மணி வைத்த இடத்திலேயே கிடந்தது. முடியெல்லாம் உதிர்ந்து துண்டு மொட்டையாக இருந்தது. முடி உள்ள செல்லுக்குள்தான் வைரஸ் புகுந்து பெருகுமாம். அதன்பின் மற்ற கிருமிகள் தடையில்லாமல் நுரையீரலில் இறங்குமாம்.

வீட்டில் என் கன்று ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசி என்று விட்டிருந்தோம். டாக்டரம்மாவிடம் நானாக வாய் திறந்தது அன்றுதான்.

"மேடம், எங்க கன்னுக்குட்டி இருமுது."

"தீவனம் எடுக்குதா?"

"நேத்துலேந்து எடுக்கல."

அவர் மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தார். "வாங்க, இப்பமே போவோம்."

கன்றுக்கு நுரையீரலில் சளி கட்டத் தொடங்கியிருந்தது. வைரஸுக்கு மருந்து இல்லை, பின்னால் வந்த கிருமிக்குத்தான் ஊசி என்றார். பிழைக்கும் என்று சொல்லவில்லை. பிழைத்தது.

இருமல் நின்றதும் கன்றை வைக்கோல் படப்புக்கு அடியில் கட்டப் போனாள் என் மனைவி. முடி முளைக்கட்டும் என்று தடுத்தேன்.

"தொண்டையில முடி முளைக்குமாக்கும். லேப்புக்குப் போயி உங்களுக்கு மண்டை குழம்பிட்டு," என்றாள்.

கன்றைத் தூரமாகக் கட்டினேன்.

மாடு இருமினால் தூசி என்று விடாதீர்கள். இருமல் நின்றாலும் உள்ளே ஆற நாளாகும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதை எழுதி முடித்தது மாட்டுப் பொங்கலன்று. கன்று வாசலில் கரும்புத் தோகையை இழுத்துக்கொண்டு நிற்கிறது.