சித்தியின் நடராஜா டிரைவிங் ஸ்கூல்

என் சித்தி நடத்திய டிரைவிங் ஸ்கூலுக்கு வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ‘நடராஜா டிரைவிங் ஸ்கூல்’ என்றால்தான் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை முதலில் நடக்கவிட்டால் கடைத்தெரு வேறென்ன பெயர் வைக்கும்?

பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரே அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், ஒரு மேஜை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், எப்போதும் டயர் வாசனை. வெளியே சித்தியின் வெள்ளைக் கார் நிற்கும். வெள்ளை என்பது மரியாதைக்குச் சொல்வது. சித்தி உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தலைகால் புரியாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சித்தி இதை அழுத்துவாள். பின்சீட்டில் நான். அம்மாவுக்குச் சாயங்காலம் வரை தையல் கம்பெனியில் வேலை. அப்பா பெயிண்ட் கம்பெனி வேன் ஓட்டினார். எங்களோடு ஒரே வீட்டில் இருந்தது சித்திதான் என்பதால், நான்கு வயதில் எனக்குப் பள்ளிக்கூடமும் விளையாட்டு மைதானமும் அந்தப் பின்சீட்டுதான்.

நடைப் பாடம் ஒரு மளிகைக் கடைக்காரரால் ஆரம்பித்தது. அவர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு ரோட்டைக் கடந்தாள். கடைக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவர்கள் அப்பன் வீட்டு ரோடு மாதிரி ஆடி அசைந்து போகிறார்களே என்று அலுத்துக்கொண்டார். சித்தி தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். என்னைப் பின்சீட்டிலிருந்து இறக்கி, என் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இவளைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போயிட்டு வாங்க. தூக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. அவ நின்னா நீங்களும் நிக்கணும்.”

போனார். வந்தார். வந்தவர் முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைக்கக்கூட மறந்துபோய் நின்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மறுநாளிலிருந்து தூரத்தில் ஒரு குழந்தையின் தலை தெரிந்தாலே அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அதைப் பார்த்த சித்தி, யாராக இருந்தாலும் இந்தப் பாடம் முடிந்த பிறகுதான் சாவியைக் கையில் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

பஞ்சர் கடைக்காரர் என்னை ‘வாடகைப் பிள்ளை’ என்று கூப்பிடுவார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. மற்ற பிள்ளைகளுக்கு ஊர் மனிதர்களை முகத்தை வைத்துத் தெரியும், எனக்குக் கையை வைத்துத் தெரியும். தபால் ஆபீஸ் அக்காவின் கை எந்நேரமும் சில்லென்று இருக்கும். பேக்கரிக்காரரின் கையில் சர்க்கரை ஒட்டியிருக்கும், கடந்து முடித்ததும் என் கையை நக்கிப் பார்த்துக்கொள்வேன். காருக்குள் அதட்டலும் மிரட்டலுமாக இருக்கிறவர்கள்கூட ரோட்டில் இறங்கியதும் என் விரல்களை நசுக்கிப் பிடிப்பார்கள்.

நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் காருக்குள் ஆள் இருப்பதே தெரியாது. என் முகத்துக்கு நேரே இரண்டு விளக்குகளும் ஒரு நம்பர் பலகையும்தான். இன்றைக்கு வண்டிகள் இன்னும் உயரம், ஓட்டுகிறவர் காதில் போன், குழந்தையோடு நிற்கிறவளைப் பார்த்தால் வேகம் கூடுகிறதே தவிர குறைவதில்லை. இவர்களையெல்லாம் வரிசையாகச் சித்தியிடம் அனுப்ப வேண்டும் என்று எனக்கு நாள்தோறும் கை துறுதுறுக்கும்.

எங்கள் அப்பாவும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்தான். வீட்டில் பசு, ரோட்டில் புலி. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓட்டுவார். ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்கு யார் யார் குறுக்கே வந்தார்கள், யாரை என்ன திட்டினார் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். சித்தி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அக்கா புருஷன், இருப்பது அவர் வீட்டில், என்ன சொல்ல முடியும்?

ஒரு மழைநாள். தபால் ஆபீஸ் அக்காவின் முறை. பாதி ரோட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நம்பர் பலகை வந்தது. நசுங்கிய பம்பர், ஓரத்தில் காய்ந்த பச்சைப் பெயிண்ட். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன், “அப்பா” என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேன் எங்களை உரசுகிற மாதிரி வளைந்து போனது. ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் வந்தது. கண் தெரியவில்லையா, பிள்ளையை வைத்துக்கொண்டு நடு ரோட்டில் என்ன வேடிக்கை என்று. குட்டைத் தண்ணீர் முழுக்க என் கவுனில்.

சித்தி ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். அறைக்குள் கொண்டுபோய்த் துடைத்து உடை மாற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் அம்மாவிடம் சொல்லவில்லை.

ராத்திரி அப்பா கதையை எடுத்தார். மழையில் ஒருத்தி கம்பம் நட்டதுபோல் நடு ரோட்டில் நின்றாளாம், பக்கத்தில் ஒரு வாண்டு கையை ஆட்டி நாட்டியம் ஆடியதாம். அவர் ஆடியும் காட்டினார். அம்மா சிரித்தாள்.

“அது நான்தான்ப்பா,” என்றேன். “உங்களுக்கு டாட்டா காட்டினேன்.”

அப்பாவின் கை ஆடிய இடத்திலேயே நின்றது. அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். அடுத்து அப்பா அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்று நினைப்பீர்கள். கோபம்தான் வந்தது, அதுவும் சித்தியின் மேல். என் பிள்ளையை ரோட்டில் நிறுத்தித்தான் பிழைக்க வேண்டுமா, இன்றோடு இதை நிறுத்து, நாளையிலிருந்து குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாது என்று கத்தினார். சித்தியும் பின்சீட்டும் இல்லாத பகல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

சித்தி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். “வேற யார் புள்ளையா இருந்தா பரவாயில்லையா அத்தான்?”

அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். அம்மாதான் பேசினாள். “ஞாயித்துக்கிழமை நீங்களே இவளைக் கூட்டிட்டு ஒரு தடவை போயிட்டு வாங்க. வந்து நிறுத்தச் சொன்னா என் தங்கச்சி நிறுத்திடுவா. நான் பொறுப்பு.”

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் கூட வந்தாள். பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். சித்தி மற்றவர்களுக்குச் சொல்வதையே அப்பாவுக்கும் சொன்னாள். தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. அப்பாவின் கை சொரசொரப்பாக இருந்தது, பெயிண்ட் வாசனை அடித்தது. அந்தக் கையைப் பிடித்து நான் தெருவில் நடந்ததே இல்லை, எங்கே போனாலும் வேனில்தான் போவோம். ஓரத்தில் வெகுநேரம் நின்றோம். ஒருவரும் நிறுத்தவில்லை. கடைசியில் கொஞ்சம் இடைவெளி கிடைத்து இறங்கினோம். பாதி ரோட்டில் என் செருப்பு வார் கழன்றுகொண்டது. நான் நின்றுவிட்டேன்.

ஒரு நீலக் கார் எங்கள் முன்னால் கிரீச்சென்று வந்து நின்று அலறியது. ஓட்டியவர் தலையை நீட்டித் திட்டினார். கண் தெரியவில்லையா என்றுதான் ஆரம்பித்தார். வார்த்தைக்கு வார்த்தை அப்பாவுக்குத் தெரிந்த பாட்டு. தெருவே கூடி வந்தாலும் சளைக்காமல் பதிலுக்குக் கத்துகிறவர் அப்பா. அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காருக்கு முதுகைக் காட்டி என்னை மறைத்தபடி மண்டியிட்டு, என் செருப்பு வாரை மாட்டினார். எத்தனை தடவை முயன்றும் வார் ஓட்டையில் நுழையவில்லை. அடுத்த ஓட்டையில் மாட்டும்படி நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டையின் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. என் செருப்பு வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“அன்னிக்கு மழையில பயந்துட்டியாடா?”

“இல்லப்பா. நீங்கதானேன்னு நினைச்சேன். நிறுத்துவீங்கன்னு நினைச்சேன்.”

அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு லாரிக்காரர் நிறுத்தி, போங்கள் என்று கை காட்டினார். அப்பா அவருக்குத் தலை வணங்கிவிட்டு, என் நடைக்கே நடந்து திரும்பி வந்தார்.

“என்ன அத்தான், நிறுத்திடவா?” என்று கேட்டாள் சித்தி.

“என் பேரையும் எழுதிக்க,” என்றார் அப்பா.

எத்தனையோ வருஷமாக வேன் ஓட்டிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை தோறும் சித்தியின் காரில் மாணவராக உட்கார்ந்தார். முதலில் நடை, பிறகுதான் வண்டி. மற்றவர்களுக்கு நடை நாலைந்து தடவையோடு முடிந்துவிடும். அப்பாவை மட்டும் சித்தி வாராவாரம் நடக்க வைத்தாள், இன்னும் போதாது என்பாள். என்ன போதவில்லை என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை. காரிலிருந்து இறங்கி என் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டுவார். நான் அவர் தோளுக்கு வளர்ந்து, எல்லோரும் பார்க்கிறார்கள் கையை விடுங்கள் என்று வெட்கப்படுகிற வயது வந்த பிறகும், அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே வருவார்.