ரிலேக்கு வைத்த பொட்டு

எழுபதுகளில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஆயுத பூஜையன்று ஒரு தகரப் பொம்மை ஓடிவந்து மேனேஜருக்குத் தாம்பாளம் நீட்ட வேண்டும் என்று எங்கள் ஃபோர்மேன் கன்னியப்பனுக்கு ஆசை.

பொம்மையின் அடிவண்டியைக் கட்டியவன் ஃபிட்டர் தஸ்தகீர். இரும்பு ஆங்கிள், பக்கத்துக்கு ஒரு லாரி வைப்பர் மோட்டார், நடுவில் கார் பேட்டரி. அதற்கு மூளை வைப்பது என் வேலை. ஒரு பலகையில் நான்கு ரிலே, கரண்ட் வந்தால் தானே மூடும் ஸ்விட்சுகள். ஒரு மோட்டாருக்கு இரண்டு, முன்னே ஓட்ட ஒன்று, பின்னே ஓட்ட ஒன்று. நீளக் கேபிளின் முனையில் ஸ்விட்ச் பெட்டி. இன்று நகத்தளவு சிப் போதும். அன்று ரிலேக்கு வாய் இருந்தது. மூடும்போது 'டிக்' என்று பேசும்.

"புது கண்ட்ரோல் ரூமுக்கு ஒரே ஆள்தான் கேட்டுகீறாங்க," என்றார் ஃபோர்மேன். "மேனேஜர் கண்ணுல எவன் பட்றானோ, அவன் போவான்."

வந்தவனெல்லாம் சக்கரத்தைத்தான் தடவினான். "பாய், இன்னாமா கட்டிகீற!" என் பலகையைப் பார்த்து, "இது இன்னாப்பா, எலிப்பொறியா?" தஸ்தகீரும் சிரித்தான். கடல் காற்று செம்பை அரிக்கிற மாதிரி அந்தச் சிரிப்பு என்னை அரித்தது.

பூஜையன்று காலையில் ஓட்டிப் பார்த்தோம், நேராக ஓடியது. பிறகு லேத்துக்குப் பொட்டு, டிரில்லுக்குப் பொட்டு, அடிவண்டிக்கு மாலையே போட்டார்கள். என் பலகையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

மேனேஜர் வந்ததும் உள்ளே போய் ஸ்விட்சைத் தட்டினேன். வலது சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. இடது சக்கரம் அசையவில்லை. பொம்மை தாம்பாளத்தோடு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"இன்னா அந்தோணி, உன் பொம்ம சரக்கு போட்டுகிச்சா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் என்னைக் கேட்டான்.

ஷாப்பே சிரித்தது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். இடது மோட்டாரின் ரிலேயில், ஒன்றையொன்று தொட வேண்டிய காண்டாக்ட் முனைகளுக்கு நடுவே ஈரச் சந்தனம், மேலே குங்குமம். தஸ்தகீரின் விரல் நுனியும் அதே மஞ்சள். கண்ட்ரோல் ரூமுக்காகக் கெடுத்துவிட்டான் என்று பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவன் மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

"என் தப்பு சார். அல்லாத்துக்கும் பொட்டு வெச்சாங்க, இவன் போர்டு மட்டும் மொட்டையா கெடந்துச்சி. மன்சு கேக்கல, நான்தான் வெச்சேன். வேல சுத்தமான வேல சார். தொடச்சா ஓடும்."

துடைத்து, வயரை மாட்டி, ஸ்விட்சைத் தட்டினேன். டிக். பொம்மை நேரே போய்த் தாம்பாளத்தை நீட்டியது. மேனேஜர் தேங்காய்ச் சில்லை எடுத்துக்கொண்டு என் பலகையைக் குனிந்து பார்த்தார்.

கண்ட்ரோல் ரூம் எனக்குக் கிடைத்தது. இளையவர்களே, ரிலேயோ சிப்போ, போர்டுக்கு மூடி போடாமல் சபைக்குக் கொண்டுவராதீர்கள். அன்று முதல் நான் போடாமல் விட்டதில்லை. ஆனாலும் தஸ்தகீர் மேலுள்ள பொறாமை தீரவில்லை. முன்பு அவன் கையைப் பார்த்து எரிந்தேன், இப்போது அவன் மனசைப் பார்த்து. பொட்டில்லாமல் கிடந்தது அவன் வண்டியாக இருந்திருந்தால், என் விரல் சந்தனக் கிண்ணத்தின் பக்கமே போயிருக்காது.