அகராதியில் இல்லாத இளையபெருமாள்

அரியலூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விளிம்பில் ஒரு தகரக் கூரை ஆபீஸ் இருந்தது. ஆலைகளுக்குக் கல் வெட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக் கம்பெனி. சுகன்யா மேரி அங்கே பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். சுரங்கத்தில் எது நடந்தாலும் அவள் விரல் வழியாகத்தான் சென்னைத் தலைமை ஆபீஸுக்குப் போகும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, எத்தனை லோடு ஏறியது, எந்த வண்டி பழுது, எல்லாமே ஈமெயில்.

வரதராசன்பேட்டையிலிருந்து காலை ஆறே காலுக்குக் கிளம்பி, ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி வருவாள். வீட்டில் அம்மா தெரசம்மாள் மட்டும். புருஷன் அமல்தாஸ், கல்யாணமான மூன்றாம் வருஷம் மஸ்கட்டுக்குப் போனவன். முதலில் வாரம் ஒரு போன் வந்தது, அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் அதுவும் நின்றது. ஆறு வருஷமாக அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல யாரிடமும் ஒரு காகிதம் இல்லை. அவள் தூதரகத்துக்கு எழுதினாள், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். அப்படிப் பெயருள்ள ஆள் எங்கள் பதிவில் இல்லை என்று ஒருதரம் பதில் வந்தது. அதன்பிறகு அவள் எழுதவில்லை.

பிரசாத் என்ற புது மேனேஜர் சென்னையிலிருந்து வந்ததும் போட்ட முதல் உத்தரவு, ஸ்பெல் செக் ஓடாமல் ஒரு மெயிலும் வெளியே போகக்கூடாது என்பது. கம்ப்யூட்டரில் அதற்கான ஏற்பாட்டையும் அவரே செய்துவிட்டார். அனுப்பும் பொத்தானை அமுக்கினால் ஒரு பெட்டி திறக்கும். அதற்குத் தெரியாத சொல் ஒவ்வொன்றிலும் நின்று, இதற்குப் பதில் இதுவா, இதுவா என்று கேட்கும். இங்கிலீஷ் சொல் எல்லாம் அதற்குத் தெரியும். அரியமுத்து தெரியாது, அரும்பாவூர் தெரியாது. நாற்பது பேர் வேலைக்கு வந்தால் நாற்பது சிவப்புக் கோடு.

முதல் வாரமே அசிங்கமானது. ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி டீ போடும் சின்னப்பிள்ளையின் பெயரை அந்தப் பெட்டி சின்சில்லா என்று மாற்றிவிட்டது. சுகன்யா கவனிக்கவில்லை. மறுநாள் சென்னையிலிருந்து எவனோ ஒருவன் புசுபுசுவென்று முடி வைத்த ஒரு எலியின் படத்தை அனுப்பியிருந்தான். சின்சில்லா என்றால் அதுவாம். பிரசாத் அதைப் போனில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். சின்னப்பிள்ளையும் எட்டிப் பார்த்து, "என்னா பாப்பா, என்னய எலின்னு எழுதிட்டியா" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சுகன்யாவால் சிரிக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போதும் அந்த எலியின் கண் கூடவே வந்தது.

அப்புறம்தான் அவள் கம்ப்யூட்டருக்குள் தேடி, நாமாகச் சொற்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு தனி அகராதி இருப்பதைக் கண்டுபிடித்தாள். திறந்தால் வெறும் வெள்ளைப் பெட்டி. ஒரு பெயரை அடித்து 'ஆட்' என்று அமுக்கினால் அது உள்ளே போய்விடும். மறுபடி அந்தப் பெயருக்குக் கீழே கோடு விழாது.

நாலு மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை இதற்கென்று ஒதுக்கினாள். ஆதார் ஜெராக்ஸ் கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் அதில் உள்ள எழுத்துப்படியே ஏற்றினாள். ஒரே பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் ஆளைக் கூப்பிட்டே கேட்டாள். பிறகு அப்பன் பெயர்கள், ஊர்ப் பெயர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர் ஆனதும் ஒருநாள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள். கோயிலில் புனிதர் மன்றாட்டு மாலையை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போவதுபோல இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் எப்படியோ வண்டிக்காரர்கள் வரை போய்விட்டது. ரஞ்சன்குடி இளையபெருமாள், டிப்பர் ஓட்டுகிறவர், ஒருநாள் வந்து வாசலில் நின்றார். "நம்ம பேரையும் மிஷினு ஒத்துக்கிடுச்சாங்க?" என்று கேட்டார். சுகன்யா அடித்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் 'ஐ' போட்டுத் தொடங்கும் பெயர். கோடு விழவில்லை. அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் பெட்டி திறப்பதே அபூர்வம். திறந்தாலும் அவள் அவசரத்தில் ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டியிருப்பாள். சரியான பெயர் முதல் வரியிலேயே நிற்கும். 'சேஞ்ச்' என்று ஒரு அமுக்கு, முடிந்தது. விரலுக்கு அது பழகிப்போய், கண் படிப்பதற்கு முன்பே அமுக்கத் தொடங்கியது.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. கல் நொறுக்கும் கிரஷர் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. எப்போதும் இருக்கும் இரைச்சல் நின்றுபோனதால்தான் அவள் நிமிர்ந்தாள். ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். கல்லை மேலே ஏற்றும் பெல்ட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஆளை உருளை இழுத்துக்கொண்டுவிட்டது. பெல்ட்டை நிறுத்தாமலே சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

செத்தவன் பெயரும் இளையபெருமாள்தான். ஆனால் ஊர் அரும்பாவூர், வயது முப்பத்தொன்று. வேலைக்கு வந்து மூன்று வாரம். ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி மூலம் வந்தவர்களுக்கு கேட் பாஸ் வரும்வரை வருகைப் பட்டியலில் பெயர் ஏறாது. 'புது ஆள் ஆறு' என்று எண்ணிக்கை மட்டும்தான் போகும். அவனுடைய ஆதார் ஜெராக்ஸ், பாஸுக்காக, சுகன்யாவின் மேஜைத் தட்டில் மற்ற ஐந்தோடு கிடந்தது. அதில் அவன் பெயர் ஆங்கிலத்தில் 'ஈ' போட்டுத் தொடங்கியது.

பிரசாத் போனைக் காதில் வைத்துக்கொண்டே, உடனே சென்னைக்கு மெயில் போடு, பெயர், ஊர், நேரம் மட்டும், என்று கத்தினார். அவள் ஜெராக்ஸைப் பார்த்து எழுத்து எழுத்தாகத்தான் அடித்தாள். வெளியே தார்ப்பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். பெட்டி திறந்தது. விரல் 'சேஞ்ச்' மேல் விழுந்தது. மெயில் போய்விட்டது.

சென்னை ஆபீஸில் இருந்தவர்கள் அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தங்கள் பதிவேட்டில் தேடினார்கள். 'ஐ' போட்ட இளையபெருமாள் கிடைத்தார். அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார்கள். ரஞ்சன்குடியில் போனை எடுத்தது அவர் மனைவி முத்தாயி.

அன்றைக்கு ரஞ்சன்குடிக்காரருக்கு விடுமுறை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வண்டிச் சான்று புதுப்பிக்கப் பெரம்பலூர் போயிருந்தார். அவர் சுரங்கத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று முத்தாயி நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆட்டோவில் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வழியிலேயே தாலியைப் பிடித்துக்கொண்டு இரண்டுமுறை மயங்கினாளாம். பிணவறையில் துணியை விலக்கினார்கள். முகத்தில் ஒரு பாதிதான் இருந்தது. அந்தப் பாதியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவரு இல்லங்க" என்றாள். சொன்னதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் எழுப்பி விடவில்லை.

அரும்பாவூரில், செத்தவன் மனைவி ஜெயசித்ரா அன்று முழுக்க சின்ன வெங்காயம் அறுவடைக்குப் போயிருந்தாள். மாலை நாலரைக்கு, சுரங்கத்தில் அவனோடு வேலை பார்த்த ஒருவன் தன் போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை அவள் புருஷன் வேறு ஒருவன் பெயரில் கிடந்தான்.

சுகன்யா அன்று சாயந்திரம் தான் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு எழுத்து. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல முயன்றாள். சாப்பாடு இறங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

மூன்றாம் நாள் பிரசாத் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் உட்காரச் சொன்னார்.

"மேரி, நடந்தது ஒரு வகையில் நல்லதுக்குத்தான். நம்ம மெயில்ல இருக்கிறது நம்ம டிரைவர் பேரு. அவர் உயிரோட இருக்கார். செத்தவன் நம்ம எந்த ரெக்கார்டுலயும் இல்ல. இரும்புச் சாமான் பொறுக்க உள்ள நுழைஞ்ச வெளியாள். நீ பதட்டத்துல தெரிஞ்ச பேரைப் போட்டுட்ட. அவ்வளவுதான்."

அவள் தன் மேஜைக்குத் திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். ஆறு ஜெராக்ஸில் ஐந்துதான் இருந்தது. மேஸ்திரியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட வேலை செய்தவர்களை வேறு குவாரிக்கு மாற்றியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் பெரம்பலூர் போய், அங்கிருந்து அரும்பாவூர் பஸ் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. ஜெயசித்ரா வாசலில் போட்டிருந்த பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சுகன்யா தன் பெயரையும் ஆபீஸையும் சொன்னாள். அந்த மெயிலை அடித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். செத்தவனின் அண்ணன் அறிவரசன் எழுந்து அருகில் வந்தான். ஜெயசித்ரா அவனைக் கையமர்த்தினாள்.

"திருட வந்தவருன்னு சொல்றாங்க. மூணு வாரமா நான் கட்டிக் குடுத்த சோத்தத் தின்னுட்டுத்தான் அங்க வேலக்கி வந்தாரு. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்கல்ல, நீங்க சொல்லுங்க. வந்தாரா, இல்லியா?"

"வந்தாருங்க."

"அத என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது. சொல்ற எடத்துல சொல்லுங்க."

அறிவரசன்தான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டான்.

அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி வயதானவர், அதிகம் பேசாதவர். பிரசாத் தயாராக இருந்தார். மெயிலை அச்செடுத்து வைத்திருந்தார். டிரைவர் இளையபெருமாளை வரவழைத்து, உயிரோடு இருக்கிறார் பாருங்கள் என்று நிறுத்தியும் வைத்திருந்தார். அந்த மனுஷன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அதிகாரி சுகன்யாவைப் பார்த்து, பதட்டத்தில் பெயர் மாறிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றால் அத்தோடு முடிந்திருக்கும்.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்துகொள்ளலாமா என்று அனுமதி கேட்டாள். அகராதியைத் திறந்து, முந்நூறு சில்லறைப் பெயர்களையும் ஓட்டிக் காட்டினாள். 'ஐ' போட்ட இளையபெருமாள் இருந்தார். 'ஈ' போட்டு யாரும் இல்லை. பிறகு புது மெயில் ஒன்றைத் திறந்து, அன்று அடித்ததுபோலவே, 'ஈ' போட்டு அந்தப் பெயரையும், அடுத்து அரும்பாவூர் என்றும் அடித்தாள். தன் விலாசத்துக்கே அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி திறந்தது. முதல் வரியில் 'ஐ' போட்ட பெயர் நின்றது.

"இதத்தான் அமுக்கினேன் சார். படிக்காம அமுக்கினேன். பேர மாத்துனது என் தப்பு. ஆனா மெயில்ல ஊரு மாறல பாருங்க. டிரைவரண்ணன் ரஞ்சன்குடி. எனக்குத் தெரிஞ்ச பேரப் போட்டிருந்தா ரஞ்சன்குடின்னுதான் போட்டிருப்பேன். அரும்பாவூர்னு ஒரு ஆளு இங்க வேலக்கி இல்லன்னா, அந்த ஊரு என் மெயில்ல எப்படி வரும்? அவரு ஆதார் என் தட்டுல இருந்துச்சு. இப்ப இல்ல."

பிரசாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையில் இருந்த அச்சு மெயிலை மறுபடி படித்தார். அரும்பாவூர் என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்தார். டிரைவரிடம் திரும்பி, செத்தவரை முன்னே பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ரஞ்சன்குடி இளையபெருமாள் முதலில் பிரசாத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "தெனம் பெல்ட்டாண்ட நிப்பாருங்க. எம் பேருதான் அவருக்கும்னு சொல்லுவாரு."

அடுத்த திங்கட்கிழமை சுகன்யாவின் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். தபாலில் ஒரு கடிதம் வரும் என்றார்கள். பத்தாம் நாள் வந்தது. கவனக்குறைவாகத் தவறான தகவல் அனுப்பி நிறுவனத்துக்குக் களங்கம் ஏற்படுத்தியதால் நீக்கம், என்று எழுதியிருந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை அவளால் மறுக்க முடியவில்லை. டிரைவருக்கும் அந்த மாதத்தோடு வண்டி கிடைக்காமல் போயிற்று. முத்தாயிக்கு அதற்கப்புறம் போன் மணி அடித்தாலே கை கால் உதறுகிறது, எடுப்பதே இல்லை என்று சின்னப்பிள்ளை ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாள். புதுக் கம்ப்யூட்டர் வந்திருப்பதையும், பெயர்களுக்கெல்லாம் மறுபடி கோடு விழுவதையும் சொன்னாள். பிரசாத் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சுகன்யா ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். நின்றுகொண்டே பார்க்கும் வேலை. முழங்கால் வீங்கியது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே தைலம்.

ஏழு மாதம் கழித்து, கடையில் கூட்டமாக இருந்த ஒரு மதியத்தில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஜெயசித்ரா.

அதிகாரியின் அறிக்கை கையில் வந்துவிட்டதாம். அவள் புருஷன் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இறந்தான் என்று எழுதியிருக்கிறதாம். பெயர் சரியாக இருக்கிறதா என்று சுகன்யா கேட்டாள். அறிவரசன் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டதாகவும் சரியாக இருப்பதாகவும் ஜெயசித்ரா சொன்னாள். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது.



"அந்த அஞ்சு மணி நேரத்த நெனச்சாத்தான் எனக்கு ஆற மாட்டேங்குது" என்றாள் ஜெயசித்ரா. "பக்கத்துல ஒரு ஆளு இல்லாம, யாரோ பேர்ல கெடந்தாரு. உங்கள நான் திட்டலங்க. ஆனா ஆற மாட்டேங்குது."

சுகன்யா சரிங்க என்றாள். போன் வைக்கப்பட்டுவிட்டது. எதிரே ஒரு அம்மாள் இரண்டு சேலைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.