பதினேழாவது கனவு

பிரபஞ்சவியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, போஸ்ட்டாக் ஆய்வு வேலைக்காக நான் அனுப்பிய பதினேழாவது விண்ணப்பம் அது. அலுத்துப்போய், பழைய கடிதத்தையே லேசாகத் திருத்தி குனோங் ராபாட் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள், விண்ணப்பம் போய்ச் சேர்ந்த வெளிநாட்டு ஆய்வு நிறுவனத்தின் அலுவலகப் பெண்மணி எழுதியிருந்தார்: "இங்கே சேர்வதே உங்கள் கனவு என்ற வரியில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. மாலைக்குள் மாற்றி அனுப்புங்கள்."

எனக்குக் கூசியது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இவங்களும் வேணாம்னுட்டாங்களா?"

"இல்லக்கா. பேர தப்பா போட்டுட்டேன், மாத்தச் சொல்றாங்க."

"பரவால்லயே லா. ஒருத்தராச்சும் முழுசா படிச்சிருக்காங்க."

மாற்றி அனுப்பினேன். வேலை கிடைக்கவில்லை. அந்தப் பெண்மணிக்கு நன்றி மட்டும் எழுதினேன். மற்ற பதினாறு கடிதங்களில் யார் பெயரைப் போட்டிருந்தேனோ, இன்றுவரை திறந்து பார்க்கத் தெம்பில்லை.