ஆறாவது இருக்கையின் சிவப்பு விளக்கு

ஹலினா இருபத்தேழு மைக்குகளையும் ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வந்தாள். பிரஸ்ஸல்ஸில் இருபத்தேழு ஐரோப்பிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கூடும் இந்த அறையில் ஒன்பது வருஷமாக இதே வேலை. அதற்கு முன்னால் பெலாரஸில் வேதியியல் டீச்சர். தம்பி யாஸெப் இன்னும் அங்கேதான், சிறையில். அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலத்தில் போனதற்கு எட்டு வருஷம் தண்டனை. போன மாதம் ரத்தமாக வாந்தி எடுத்தானாம்.

அவனுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதியின் பெயர் ஐரோப்பாவுக்குள் நுழையவும் அங்கே பணம் வைத்திருக்கவும் விடாத ஐரோப்பியத் தடைப் பட்டியலில் ஏறினால், பயந்துபோய் அவனை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பட்டியல் மூன்று தடவை மேசைக்கு வந்தது. "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று தலைமையில் இருப்பவர் கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறிவிடும். மூன்று தடவையும் ஆறாவது இருக்கையின் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே ஒரு நாடு. பட்டியல் பைக்குள் போய்விட்டது.

இன்றைக்கு அந்த விதியையே மாற்றுகிற பேச்சு. இனிமேல் ஒருவர் மறுத்தாலும் பெரும்பான்மை போதும்.

ஆறாவது இருக்கைக்கு வந்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள்.

"டீச்சரம்மா, என்ன பரிசோதனை நடக்குது?"

மேற்பார்வை பார்க்கும் லூடோ. குனிந்து ஒயரைச் செருகினார். "மைக் இல்லேன்னா அந்தாளு கையைத் தூக்கிட்டுப் போறாரு. உனக்குத்தான் வேலை போகும்."

"இன்னைக்கு மாத்திடுவாங்கன்னு பேசிக்கிறாங்களே அண்ணே?"

"மாத்தலாம். அதுக்கும் இருபத்தேழு பேரும் சரின்னு சொல்லணும்."

"அந்த ஆறாவது ஆளுமா?"

"பின்னே? அவரு என்ன வெளியாளா?"

ஹலினா துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் ஈரம் இல்லை.

பதினொன்றரைக்கு, விதியை மாற்ற யாருக்காவது மறுப்பு உண்டா என்ற கேள்வி வந்தது. அவள் காப்பிக் குடுவையோடு சுவரோரம் நின்றிருந்தாள். ஆறாவது இருக்கையின் விளக்கு எரிவதற்கு முன்பே நாலைந்து பேர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் எரிந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சாப்பாட்டுக்கு மீனா கோழியா என்று யாரோ விசாரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகும் மாரிட் மட்டும் இருந்தாள். பட்டியலைத் தயாரித்த அதிகாரி அவள். யாஸெப்பின் கதை தெரிந்தவள்.

"மேடம், பட்டியல் மறுபடி எப்ப வரும்? அவன் அதுவரைக்கும் தாங்குவானா?"

மாரிட் காகிதங்களைப் பையில் வைத்தாள். பையின் பட்டையை இரண்டு தடவை சரிசெய்தாள். ஹலினாவின் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.